சித்தேரியில் தங்கிவிட்ட ஐந்தாம் கட்டு

காரிமங்கலத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. பெங்களூரிலிருந்து வந்த பஸ் சந்தைக் கூட்டத்தில் சிக்கி நின்றது. எனக்குப் பசி. இறங்கிவிட்டேன்.

சந்தை ஓரத்தில் ஒரு அம்மா களி கிண்டி விற்றுக்கொண்டிருந்தார். பந்து போன்ற இரண்டு உருண்டை, கீரைக் கடைசல். நான் பிய்த்து மென்று தின்பதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, களிய மெல்லுவாங்களா? முழுங்குங்க" என்றார். பக்கத்தில் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்ட ஒருவர், "வெளியூரு போலக்கீது, வுடும்மா. பல்லு இருக்கற வரைக்கும் மெல்லட்டும்" என்றார். நான் விழுங்கிப் பார்த்தேன். தொண்டையில் இறங்கியது தெரிந்தது. அன்று சாயங்காலம் வரை வேறு எதுவும் தேவைப்படவில்லை.

நான் போக வேண்டியிருந்தது கடத்தூருக்கு. அங்கே ஒரு நாவலைப் பற்றி வாசகர்கள் கூடிப் பேசுகிறார்கள், அதற்கு என்னை அழைத்திருந்தார்கள். ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். நாவல் கூட்டத்துக்கு என்னை யாராவது அழைப்பார்கள் என்று நினைத்ததே இல்லை. காரணம் என் படிப்பு அல்ல, நான் மூட்டை தூக்கிய ஊர்.

மோரே என்று மணிப்பூரில் ஓர் ஊர். பர்மா எல்லையை ஒட்டியது. அங்கே தமிழர்கள் இருக்கிறார்கள், கோயில் இருக்கிறது, இட்லிக்கடை இருக்கிறது. இரண்டு வருஷம் அங்கே எல்லை வாசலில் மூட்டை தூக்கினேன். பிறகு பெங்களூரில் ஒரு கிடங்கில் வேலை. பழைய காகிதக் கட்டுக்குள் ‘மூன்றாவது ஆறு’ என்ற நாவல் கிடைத்தது. முதல் இருபது பக்கம் கிழிந்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டபோது அங்கிருந்து ஊரை நோக்கி நடந்த ஐந்து தமிழர்களின் கதை. சமீபத்தில் எழுதப்பட்டதுதான். எழுதியவர் சென்னையில் இருக்கிறார். அவர்கள் நடந்த பாதையின் கடைசித் துண்டு மோரே வழியாகத்தான் வருகிறது. நான் பார்த்த மலை, நான் கால் நனைத்த ஆறு. மூன்று மாதம் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தேன்.

கிடங்குக்கு வரும் லாரி டிரைவர் ஒருவர் கடத்தூர்க்காரர். அவர்தான் என்னை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். எல்லோரும் அந்த நாவலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் நானும் பேசி அனுப்பினேன்: ஆற்றைச் சரியாக எழுதியிருக்கிறார், ஆனால் அட்டைப்பூச்சிகளைக் குறைத்துவிட்டார், அவ்வளவு கொஞ்சமாக அங்கே இருக்காது என்று. மறுநாளே முனிரத்தினம் போன் செய்தார். பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். குழுவை நடத்துகிறவர் அவர். "அண்ணா, நீங்க நேர்ல வந்து சொல்லணும். நாங்க எல்லாரும் ஒக்கேனக்கல்லத் தாண்டி எந்த ஆத்தையும் பாத்ததில்ல."

காரிமங்கலத்திலிருந்து ஏறிய பஸ் தர்மபுரி போவதற்குள் பஞ்சர் ஆனது. எல்லோரும் இறங்கிச் சாலையோரம் நின்றோம். மோரேயிலிருந்து இம்பால் போகும் ஜீப் பஞ்சரானால் யாரும் பேச மாட்டார்கள், மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இங்கே சக்கரம் கழற்றி முடிப்பதற்குள் இரண்டு பேர் தங்கள் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசி, ஜாதகம் வரை வந்துவிட்டார்கள்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. நான் சில நாள் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டேன். முனிரத்தினம் என்னைக் கண்ணனின் உரக்கடையில் தங்கவைத்தார். கண்ணனும் குழுவில் ஒருவர். பகலில் அவர் கடைக்கு வந்த மூட்டைகளை இறக்கிக் கொடுத்தேன். சாப்பாடு அவர் வீட்டிலிருந்து வந்தது. பூச்சிமருந்து வாசனைக்கு ஒரே நாளில் மூக்கு பழகிவிட்டது.

அங்கேதான் குழுவின் ‘மூன்றாவது ஆறு’ புத்தகத்தைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்குப் புரியவில்லை. அட்டை இல்லை. தடித்த நூலில் தைத்த மெல்லிய கட்டுகளாக அலமாரியில் கிடந்தது.

"எழுநூறு பக்கம். குழுவுல பதினோரு பேரு. ஒரு புஸ்தகம். ஒருத்தரு படிச்சு முடிச்சு அடுத்தவருக்குக் குடுத்தா, கடைசி ஆளுக்குப் போறதுக்குள்ள மொத ஆளுக்குக் கதை மறந்துடும்" என்றார் முனிரத்தினம். "அதான் பைண்டிங் கடையில குடுத்து ஆறா அறுத்துட்டோம். ஆறு கட்டு. ஒரே நேரத்துல ஆறு பேரு படிக்கலாம்."

"ஆறாம் கட்டு முதலில் கிடைத்தால்?"

"அதைத்தான் மொதல்ல படிக்கணும். நர்ஸு ஸ்டெல்லா அப்படித்தான் படிச்சாங்க. செத்தவன் எல்லாம் அவங்களுக்கு மறுபடி பொழச்சு வந்தான்."

கட்டுகள் ஊருக்கு ஊர் பஸ்ஸில் போகும். கண்டக்டர் பையில் போட்டுக் கொண்டுபோய், கேட்ட இடத்தில் இறக்கிவிடுவார். அவர்களுக்கு ஒரு விதி உண்டு. கூட்டத்தில் பேசுகிறவர் முதலில் எந்தெந்தக் கட்டு படித்தேன் என்று சொல்ல வேண்டும். படிக்காத கட்டைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. ஆறும் முடித்தவர்தான் நாவல் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லலாம்.

அலமாரியில் ஐந்து கட்டுதான் இருந்தது. "அஞ்சாம் கட்டு மூணு மாசமா சித்தேரியில மாட்டிக்கிச்சு. காவேரி டீச்சர்கிட்ட. கண்டக்டர் மூலமா கேட்டா அனுப்பறேன் அனுப்பறேன்னு சொல்றாங்க, வரமாட்டேங்குது. ஸ்டெல்லாவும் நானும் மட்டும்தான் அதைப் படிச்சிருக்கோம்" என்றவர், என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணா, நீங்க மூட்டை தூக்காத நேரத்துல சும்மாதான இருக்கீங்க?"

சனிக்கிழமை அரூரிலிருந்து மலை பஸ் ஏறினேன். உப்பு மூட்டை, பெயிண்ட் டப்பா, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கு, அதற்கு நடுவில் நாங்கள். பாதி ஏற்றத்தில் இஞ்சின் சூடாகிவிட்டது. டிரைவர் திரும்பிப் பார்த்து, "அந்த வளைவு வரைக்கும் நடந்து வாங்க" என்றார். யாரும் முணுமுணுக்கவில்லை. வழக்கம் போலிருக்கிறது. பிள்ளை வைத்திருந்த ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் பஸ்ஸுக்குப் பின்னால் நடந்தோம். மோரே மலையில் மண் சிவப்பு, வழுக்கும். இது காய்ந்த மலை, கல் உருளும். மூச்சு வாங்குவது இரண்டிலும் ஒன்றுதான்.

சித்தேரியில் போனுக்கு உயிர் இல்லை. டீச்சர் வீடு எது என்று கேட்டதும் மூன்று பேர் காட்டினார்கள். காவேரி டீச்சருக்கு ஐம்பது வயது இருக்கும். கடத்தூர்ப் பக்கத்துக்காரர். மலைமேல் ஆரம்பப் பள்ளியில் வேலை. கீழே தனியாக விட முடியாததால் அப்பாவையும் கூட வைத்திருந்தார். அப்பா பெயர் மாதப்பன், வயது எண்பத்து நாலு. கண் சரியாகத் தெரியாது, காது கூர்மை.

"முனிரத்தினம் அனுப்பினார், கட்டு வாங்கிப்போக வந்தேன்" என்றேன். டீச்சர் முகம் மாறியது. "சாப்பிட்டுப் பேசலாங்க" என்றார்.

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். மோரேயில் இருந்தவன் என்று சொன்னதும் மாதப்பன் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"எங்கப்பன் ரங்கூன் துறைமுகத்துல மூட்டை தூக்கினவருங்க. எங்கம்மா வயித்துல நான் ஆறு மாசம் இருக்கறப்ப கப்பல் ஏறினாரு. ஒரு கடுதாசி வந்துச்சு. அப்பறம் சண்டை. அவ்வளவுதான். இந்தப் புஸ்தகத்துல வர்ற குப்பனும் அப்படித்தான். சேலம் ஜில்லா, அப்ப நம்ம பக்கமும் அதுலதான். பொண்டாட்டி ஆறு மாசம் முழுகாம. காவேரி படிக்கப் படிக்க எனக்கு வேற யாரு நெனப்பும் வரல."

நாவலில் நடக்கும் ஐந்து பேரில் ஒருவன் குப்பன். எனக்கு நன்றாக நினைவு இருந்தது.

"எங்கம்மா சாகற வரைக்கும் வருவாரு வருவாருன்னே இருந்துச்சு. தாலிய கழட்டல. பூவோட பொட்டோட தூக்கினோம். அப்பறம் நான்தான் முடிவு பண்ணேன், இனி எங்க வரப்போறாருன்னு. அம்மா போனது அமாவாசையில, அதனால அன்னிக்கி அம்மாவுக்கு ஒரு எல, நாளு தெரியாத அவருக்கும் ஒரு எல. வருஷா வருஷம் படையல். போட்டோகூட கெடையாது அவருக்கு. எலை மட்டும்." குழம்பை விரலால் வழித்தார். "வர்ற அமாவாசையில இருந்து ஒரு எலதான்."

டீச்சர் கையில் கரண்டி அப்படியே நின்றது. "என்னாப்பா சொல்றீங்க? என்கிட்ட சொல்லவே இல்ல."

"இப்பதான் சொல்றனே. உசுரோட இருந்தவனுக்கு எதுக்குப் படையலு?" என்று என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சீங்கல்ல? ஆத்தங்கரையில குப்பனுக்குக் காய்ச்சலு. ஒரு பர்மாக்காரி கஞ்சி ஊத்திக் காப்பாத்தறா. இவன் அங்கயே வூடு கட்டிக்கறான். ரெண்டு புள்ளைங்க. மாஞ்செடி வெச்சுத் தண்ணி ஊத்தறான். சாயங்காலமானா ஆத்தைப் பாத்து ஒக்காந்துகிட்டு ஊரை நெனைச்சு அழுவறானாம். அழுவாத, எந்திரிச்சு வாயேன்! காலு இருக்குதுல்ல?"

முழு நாவலையும் படித்தவன் நான், கிழிந்த இருபது பக்கம் தவிர. அதில் பர்மாக்காரி இல்லை, மாஞ்செடி இல்லை. குப்பன் ஐந்தாம் கட்டில் செத்துப்போகிறான். நான் டீச்சரைப் பார்த்தேன். சொல்லாதீர்கள் என்பதுபோல் தலையை மெல்ல ஆட்டினார். நான் மொச்சையைத் தின்றேன்.

"நாளைக்கி கூட்டத்துக்கு நானும் வர்றேன்" என்றார் மாதப்பன். "ஆறு கட்டும் கேட்டாச்சு. எனக்கும் தீர்ப்புச் சொல்ல உரிமை இருக்குது."

அவர் கை கழுவி உள்ளே படுத்த பிறகு, டீச்சர் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார். மேசை இழுப்பறையில் ஐந்தாம் கட்டு இருந்தது. அதன் மேல் ஒரு நாற்பது பக்க நோட்டு. கரும்பலகையில் எழுதுவது போன்ற உருண்டை எழுத்து.

"நாலாம் கட்டு முடியறப்ப குப்பனுக்குக் காய்ச்சல் வந்துடுதுங்க. அன்னிக்கி அப்பா சாப்பிடல. ‘நாளைக்கி என்னாவும், நாளைக்கி என்னாவும்’னு ஒரே இது. நான் அஞ்சாம் கட்ட முன்னாடியே பாத்துட்டேன். அந்தச் சாவை அவருக்கு எப்படிப் படிக்கறது? இவருக்கும் ஏதாச்சும் ஆயிடும்னு பயமாயிடுச்சு. அதனால நானே எழுதிக் காப்பாத்திட்டேன்."

"பர்மாக்காரி?"

"பொழச்சா ஏன் ஊருக்கு வரலன்னு கேப்பாரே. அதுக்கு ஒரு பொம்பளைய வெக்க வேண்டியதாயிடுச்சு. பொம்பள வந்தா புள்ளைங்க வராதா?" நோட்டைப் புரட்டினார். "மாஞ்செடி சும்மா எழுதினது. நல்லா இருக்குமேன்னு."

ஆறாம் கட்டில் குப்பன் பேச்சே வருவதில்லை. அதனால் அது இடிக்கவில்லை. புத்தகம் ஒன்றாக இருந்திருந்தால் யாராவது எடுத்துப் பார்த்திருப்பார்கள். ஆறாக அறுத்ததால் டீச்சர் கதை மூன்று மாதம் மாட்டாமல் ஓடியிருக்கிறது.

"அவரு சந்தோஷப்படுவாருன்னு நெனச்சேன். நாலஞ்சு நாளு பேசாம இருந்தாரு. தாத்தாவ நெனைச்சுக்கறாருன்னு நெனச்சேன். எலைய எடுக்கற அளவுக்கு மனசுல வெச்சிருக்காருன்னு இப்பதான தெரியுது." நோட்டை மூடினார். "நாளைக்கி ஸ்டெல்லா வாயத் தொறந்தா போச்சு. அதுக்கு முன்னாடி நானே சொல்லணும். எப்படிங்க சொல்றது? டீச்சரு நானு. மூணு மாசமா பொய்யப் படிச்சுக் காட்டியிருக்கேன்."

எனக்குத் தெரியவில்லை என்றே சொன்னேன். அவர் ஐந்தாம் கட்டை என் கையில் கொடுத்தார். "உங்ககிட்டயே இருக்கட்டும். என்கிட்ட இருந்தா திரும்ப ஒளிச்சு வெச்சுடுவேன்."

அன்று கீழே போகும் பஸ் போய்விட்டிருந்தது. வகுப்பறையில் பெஞ்சு இரண்டைச் சேர்த்துப் படுத்தேன். நல்ல தூக்கம்.

ஞாயிறு காலை மூவரும் பஸ் ஏறினோம். மாதப்பன் வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் கண்ணாடி. படிக்க முடியாவிட்டாலும் கூட்டத்துக்குக் கண்ணாடி வேண்டும் என்றார். கண்டக்டர் என் பையில் நீட்டிக்கொண்டிருந்த கட்டைப் பார்த்துவிட்டார்.

"அடடே, அஞ்சாம் கட்டு ஒரு வழியா எறங்குதா! மூணு மாசமா மேல வெச்சு அடைகாத்தீங்களே டீச்சர், குஞ்சு பொரிச்சிடுச்சா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. மாதப்பனும் சிரித்தார். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடத்தூர் வரும்வரை அவர் அப்பாவிடம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அரூரில் பஸ் மாறும்போது ஒருமுறை "அப்பா" என்றார். "என்னா?" என்றார் மாதப்பன். "டீ குடிக்கறீங்களா?" என்று கேட்டார்.

கூட்டம் கண்ணன் கடை மாடியில். கீழே விதை, உரம், மருந்து. மேலே பாய் விரித்து ஏழெட்டுப் பேர். சுவரில் பூச்சிமருந்துக் கம்பெனி காலண்டர். நிப்பட்டும் டீயும் வந்தன. நிப்பட் என்பது நம் தட்டைதான், இங்கே அதன் மேல் காரட்டும் வெங்காயமும் போட்டுத் தருகிறார்கள். நான் ஐந்தைத் தின்ற பிறகுதான் மற்றவர்கள் ஆளுக்கு இரண்டோடு நிறுத்தியதைக் கவனித்தேன்.

முதலில் என்னைப் பேசச் சொன்னார்கள். மோரேயைப் பற்றிச் சொன்னேன். அட்டைப்பூச்சி எப்படிச் செருப்பு வாருக்குள் ஏறும் என்று சொன்னேன். ஸ்டெல்லா உப்புப் போட்டால் விழுமா, புகையிலை போட்டால் விழுமா என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர்கள் என்னை விட்டுவிட்டுத் தங்களுக்குள் ஆரம்பித்தார்கள்.

"ஒண்ணு, ரெண்டு, நாலு, மூணு, ஆறு" என்று தான் படித்த வரிசையைச் சொன்னார் கண்ணன். "எனக்கு இந்தக் குப்பன் மேலதான் கோவம். நாலாம் கட்டுல கூட வர்றவன் அரிசிய திருடித் திங்கறான். மூணாம் கட்டுல பாத்தா தன் செருப்பக் கழட்டி ஒரு கெழவிக்குக் குடுக்கறான். இவன் நல்லவனா கெட்டவனா?"

"நீ நாலுக்கு அப்பறம் மூணு படிச்சா அப்படித்தான்" என்றார் முனிரத்தினம். "மொதல்ல செருப்பு குடுத்தான். அப்பறம் பசி வந்து திருடறான். வரிசையாப் படிச்சா அவன் கெட்டுப்போறான். நீ படிச்சதுல திருந்திட்டான்."

"பசிச்சா நர்ஸுங்களே பேஷண்ட்டு பிரெட்ட எடுத்துத் தின்னுருக்கோம்" என்றார் ஸ்டெல்லா. "அதுக்கெல்லாம் கெட்டவன்னு சொல்லாதீங்கண்ணா."

"சரிக்கா. ஆனா ஆறாம் கட்டுல அவன் எங்க? நாலு பேருதான் இம்பால் வந்து சேர்றாங்க. அஞ்சாவது ஆளு எங்க போனான்னு ஒரு வார்த்தை கெடையாது. அஞ்சாம் கட்டு இப்பதான மேல இருந்து எறங்கியிருக்குது, இனி படிச்சாத்தான தெரியும்?"

"நான் சொல்றேன் எங்க போனான்னு."

மாதப்பன் குரல். எல்லோரும் திரும்பினார்கள். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஆறு கட்டும் மகள் படிக்கக் கேட்டேன் என்று விதிப்படி சொல்லிவிட்டு ஆரம்பித்தார். பர்மாக்காரி, கஞ்சி, வீடு, இரண்டு பிள்ளை, மாஞ்செடி. கண்ணன் வாயைத் திறந்துகொண்டு கேட்டார். முனிரத்தினம் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

"எழுதினவரு அவனை நல்லவன் மாதிரி எழுதியிருக்காரு. நான் ஒத்துக்க மாட்டேன். இங்க ஒருத்தி தாலிய கட்டிக்கிட்டு வாசலைப் பாத்தே செத்தா. அவன் அங்க மாஞ்செடிக்குத் தண்ணி ஊத்தறான். என் தீர்ப்பு என்னான்னா, அவன் மனுசனே கெடையாது."

"பெரியப்பா, அப்படி இல்லைங்களே..." என்று ஸ்டெல்லா ஆரம்பித்தார்.

"அது நான் எழுதினதுப்பா" என்றார் காவேரி டீச்சர்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். நோட்டைப் பையிலிருந்து எடுத்துப் பாயில் வைத்தார். ஏன் எழுதினேன் என்று நான்கு வரியில் சொன்னார். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வது போலத் தெளிவாகச் சொன்னார். கீழே யாரோ மருந்து கேட்டுக் கூப்பிட்டார்கள். கண்ணன் எழுந்து போகவில்லை.

மாதப்பன் நோட்டைத் தடவிப் பார்த்தார். "எழுதினியா? எல்லாத்தையுமா?"

"ஆமாப்பா."

"நல்லாத்தான் எழுதியிருந்த. எனக்குக் கோவமே வந்துடுச்சு." நோட்டை நகர்த்தி வைத்தார். "அசல் எங்க? படி."

டீச்சரால் முடியவில்லை. முனிரத்தினம் கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார், மூக்கின் மேல் கண்ணாடி இருந்தது. ஸ்டெல்லா கைக்குட்டையைத் தேடினார். "அந்த ஊரு பாத்தவரு படிக்கட்டும்" என்றார் மாதப்பன்.

நான் வரிக்குக் கீழே விரல் வைத்துத்தான் படிப்பேன். வேகம் வராது. எப்படிப் படித்தாலும் அந்தப் பக்கங்களில் இருப்பதுதான் வரும். குப்பனுக்குக் காய்ச்சல் முற்றுகிறது. மற்ற நால்வரும் அவனை மூன்றாவது ஆற்றில் தோளில் போட்டுக் கடக்கிறார்கள். ஊர்ப் பக்கமான இந்தக் கரைக்கு வந்ததும் ஒரு பாறையில் சாய்த்து உட்கார வைக்கிறார்கள். ராயப்பன் என்ற கூட்டாளி தன் ஒரே கம்பளியை அவனுக்குப் போர்த்துகிறான். விடியும்போது குப்பனுக்கு உயிர் இல்லை. ராயப்பன் கொஞ்ச நேரம் நிற்கிறான். பிறகு கம்பளியை உருவி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறான். வைகாசிப் பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள் என்று எழுதியிருக்கிறது.

நான் நிறுத்தியபோது டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

"செத்தவன் மேல இருந்து உருவினானா?" என்றார் கண்ணன். "என்னா மனுசன் இவன்!"

மாதப்பன் அவரைக் கவனிக்கவில்லை. "நீங்க அந்த ஆத்தைப் பாத்திருக்கீங்களா?"

"பார்த்திருக்கிறேன். இறங்கியும் இருக்கிறேன்."

"காய்ச்சக்காரன் கெடந்தா பொழைப்பானா?"

அவர் என்ன கேட்க விரும்புகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. இருந்ததைச் சொன்னேன். "வைகாசியில் அங்கே மழை பிடித்துவிடும். நனைந்த துணி காயாது. நான் அங்கே காய்ச்சலில் கிடந்தபோது மருந்து இருந்தது, கூரை இருந்தது. அப்படியும் எழுந்திருக்கப் பதினைந்து நாள் ஆனது. அவர்களுக்கு அந்த இரண்டும் இல்லை."

"இந்தக் கரைக்கு வந்துதான செத்தான்?"

"இந்தக் கரைதான். ஆற்றைக் கடந்துவிட்டான்."

"அப்ப வந்துகிட்டுதான் இருந்திருக்கான்" என்றார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு கண்ணன் பக்கம் திரும்பினார். "கம்பளிய எடுத்தது தப்பில்ல. செத்தவனுக்குக் குளிரா அடிக்குது? நடக்கறவனுக்கு வேணும். ராயப்பன் வூட்டுல எவளாச்சும் வாசலைப் பாத்துகிட்டு இருந்திருப்பா."

கண்ணன் ஆறிய டீயை எடுத்துக் குடித்தார்.

"புஸ்தகம் நல்லா இருக்குது. இதுதான் என் தீர்ப்பு. முன்ன சொன்னத எழுதிக்காதீங்க" என்றார் மாதப்பன். முனிரத்தினம் கூட்டக் குறிப்பில் எழுதியிருந்ததை அடித்தார்.

டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அமாவாசைக்கு ரெண்டு எல வாங்கிடறேம்பா" என்றார்.

"வேணாம். ஒண்ணு போதும்."

"அப்பா, அதான் கதையே மாறிடுச்சே..."

"அம்மா திதி அமாவாசை, நாளு தெரியாமத்தான் அவருக்கும் அதுகூட வெச்சோம். பௌர்ணமிக்கு மூணாம் நாளுன்னா என்னா திதி?"

எல்லோரும் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்கள். ஸ்டெல்லாதான் விரலை மடக்கி எண்ணி, "தேய்பிறை திருதியை" என்றார். மாதாகோயிலுக்குப் போகிறவருக்கு எப்படித் தெரியும் என்று கண்ணன் கேட்டார். ஆஸ்பத்திரியில் இந்தத் திதியில் ஆபரேஷன் வேண்டாம் என்று அடம்பிடிப்பவர்களைப் பார்த்துப் பார்த்தே மனப்பாடம் ஆகிவிட்டது என்றார் அவர்.

"வைகாசி, தேய்பிறை திருதியை" என்று மாதப்பன் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "எழுதி வெச்சுக்க காவேரி. அப்பனுக்கு அன்னிக்கித் தனியாப் படையல்."

டீச்சர் எழுதினார். தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினார், வேறு காகிதம் கையில் இல்லை.

கண்ணன் சங்கடமாக நெளிந்தார். "பெரியப்பா, கோவிச்சுக்காதீங்க. அது எழுதினவரு கதைக்காகப் போட்ட நாளா இருக்குங்க. உங்கப்பாவைப் பத்தி அவருக்குத் தெரியாதுல்ல."

"கதைன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் மாதப்பன். "எண்பத்து நாலு வருஷத்துல எவனாச்சும் ஒருத்தன் வந்து ஒரு நாளு சொன்னானா? இந்தக் கதை எழுதினவருதான சொல்லியிருக்காரு."

முனிரத்தினத்துக்கு ஒரு யோசனை வந்தது. நாவலாசிரியரின் எண் அவரிடம் இருந்தது. பழைய கடிதம், நாட்குறிப்பு எதையாவது பார்த்துத்தான் அந்த நாளைப் போட்டாரா, உண்மையாகவே அன்று அந்தக் கரையில் யாராவது இறந்தார்களா என்று கேட்டுவிடலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமைதானே, வீட்டில்தான் இருப்பார். போனை எடுத்துத் தேட ஆரம்பித்தார்.

மாதப்பன் கையை நீட்டித் தடவி, முனிரத்தினத்தின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கேக்காதீங்க. அவரு வேற ஏதாச்சும் நாளச் சொல்லிட்டா என்னா பண்றது?"

முனிரத்தினம் போனைப் பாயில் கவிழ்த்து வைத்தார். கண்ணன் கீழே எட்டிப் பார்த்து, எல்லோருக்கும் இன்னொரு டீ சொன்னார்.